காறிப்போன நல்லெண்ணெய்

சிவசைலம் தென்காசியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு மலையடிவாரத்து மடத்தில் சீடராக வந்து சேர்ந்தார். மடத்தின் குருவை எல்லோரும் அம்மா என்பார்கள். வயதில் இவரைவிட மிகவும் இளையவர் என்பதால் அம்மா இவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். குருவின் வாயால் அப்படிக் கேட்பதில் சிவசைலத்துக்கு உள்ளூரப் பெருமை. அதை யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பெயர்தான் மடம். பத்துப் பேர் சாப்பிடும் ஒரு வீடு அது. குழம்புக்கு நல்லெண்ணெய், பொரியலுக்குத் தேங்காயெண்ணெய், பருப்புக்கு நெய் என்று ஆரம்பத்திலிருந்தே ஒரு வழக்கம். சமையல் கோமுவுடையது. அவள் கைக்கு ருசி உண்டு. வாய்க்குப் பூட்டு கிடையாது.

அமாவாசையன்று மதுரையிலிருந்து சில பெரிய மனிதர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். இலை போட்டாயிற்று. கோமு நல்லெண்ணெய்ச் சாடியைத் திறந்தாள், மூக்கைச் சுளித்தாள், கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எண்ணெய் காறிப் போச்சு. இதுல நான் தாளிக்க மாட்டேன்" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

செக்கடிக்கு ஆள் ஓடி, புது எண்ணெய் வந்து, குழம்பு இலைக்கு வருவதற்குள் வந்தவர்களில் பாதிப் பேர் மோர்ச்சோறு சாப்பிட்டுக் கையலம்பிவிட்டார்கள். சிவசைலத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கடை வைத்திருந்த காலத்தில்கூட இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை.

மறுநாள் காலையில் அவர் கோமுவிடம், சாயங்கால பஸ்ஸுக்குப் புறப்படத் தயாராக இரு, அம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். அவளுக்குப் போக்கிடம் இல்லை. புருஷன் போனபின் அண்ணன் வீட்டில் இருந்தாள், அங்கே அண்ணி கதவைச் சாத்தியபிறகுதான் இங்கே வந்தாள். இது சிவசைலத்துக்கும் தெரியும். கோமு துணிமூட்டையைக் கட்டிச் சுவரோரம் வைத்துவிட்டு, மத்தியானச் சமையலுக்கு அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

சிவசைலம் கடைத்தெருவுக்குப் போய் ஒரு ரீஃபைண்ட் எண்ணெய் டின்னோடு அம்மா முன்னால் வந்து நின்றார்.

"ரெண்டு விஷயம்மா. எண்ணெயை மாத்தணும். ஆளை மாத்தணும்."

"முதல்ல எண்ணெயைச் சொல்லுங்க அண்ணாச்சி."

"செக்கு எண்ணெய்னாலே இப்படித்தான்மா. இன்னைக்கு மணக்கும், நாளைக்குக் காறும். இதைப் பாருங்க. தண்ணி மாதிரி இருக்கு. ஒரு வாடை கிடையாது. இருதயத்துக்கு நல்லதுன்னு டின்லயே போட்டிருக்கு."

அம்மா இரண்டு கிண்ணங்கள் எடுத்துவரச் சொன்னார். ஒன்றில் டின் எண்ணெய். மற்றதில் காறிப்போன நல்லெண்ணெய்.

"கண்ணை மூடிக்கோங்க. மோந்து பாத்துச் சொல்லுங்க."

முதல் கிண்ணம் மூக்குக்கு அருகே வந்தது.

"இது என்ன விதை?"

"சூரியகாந்தின்னு போட்டிருக்கு."

"டின் சொன்னதை நான் கேக்கல. எண்ணெய் என்ன சொல்லுது?"

சிவசைலம் மறுபடி மோந்தார்.

"ஒண்ணும் சொல்லலம்மா."

"ஆட்டின விதை நல்லதா, பூஞ்சை பிடிச்சதா?"

"அது எப்படித் தெரியும்? வாடை, நிறம் எல்லாத்தையும் ஆலையிலேயே எடுத்துருவாங்க. அதுதானே இதோட விசேஷம்."

இரண்டாவது கிண்ணம் வந்தது. கேள்வி வருவதற்கு முன்பே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எள்ளு. கருப்பட்டி போட்டு ஆட்டினது. ஆட்டுனப்ப நல்லாத்தான் இருந்திருக்கு. பிறகு கெட்டுப் போச்சு."

"இவ்வளவும் யார் சொன்னா?"

"மூக்குக்கே தெரியுதேம்மா."

"சரி, கண்ணைத் திறங்க. பத்துப் பேர் வயித்துக்குப் போறது. ரெண்டுல எதை நம்பி அடுப்புல ஏத்தலாம்?"

"கெட்டுப் போனதை எப்படிம்மா ஏத்த?"

"ஏத்த வேண்டாம். கொட்டிட்டுப் புதுசு வாங்கலாம். கொட்டணும்னு அது சொல்லிடுச்சு. இந்த டின் எப்பச் சொல்லும்?"

சிவசைலம் டின்னைப் பார்த்தார். அவர் கடையில் அடுக்கடுக்காக விற்ற சரக்குதான். வாடை அடிக்கிறது என்று ஒருவர்கூடத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அதையே அவர் அதன் பெருமையாகச் சொல்லி விற்றிருக்கிறார்.

"அப்ப எண்ணெய் பழையபடியே இருக்கட்டும்மா" என்றார். "கொஞ்சமா வாங்கி, தீரத் தீர வாங்கிக்கலாம்."

"நெய்யும் தேங்காயெண்ணெயும்?"

"அதுவும் அப்படியே."

அவருக்கு இதில் பெரிய வருத்தமில்லை. எண்ணெய் போனால் போகட்டும், கோமு விஷயம் கைவசம் இருக்கிறது என்று தெம்பாக நின்றார்.

"ரெண்டாவது என்ன அண்ணாச்சி?"

"கோமுவை அனுப்பிரலாம்மா. நாலு பேர் முன்னால மடத்து மானத்தை வாங்கிட்டா. செண்பகம்னு ஒரு பொண்ணு இருக்கா. நல்லாச் சமைப்பா. இருக்கிற இடம் தெரியாது. எதைக் கொடுத்தாலும் ஆக்கி வைப்பா."

"எதைக் கொடுத்தாலுமா?"

"எதைக் கொடுத்தாலும்மா. வாயே திறக்க மாட்டா."

அம்மா காறிப்போன எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

"இது ஏன் காறிச்சு?"

"செக்கு எண்ணெய்..."

"அதைச் சொல்லிட்டீங்க. இந்தச் சாடி எண்ணெய் ஏன் காறிச்சு?"

சிவசைலம் டின்னைச் சுவரோரம் தள்ளி வைத்தார்.

"புது எண்ணெய் வந்த அன்னைக்குச் சாடியில ஊத்தினது யாரு?"

"நீங்கதாம்மா."

"புனலைப் பிடிச்சுக்கிட்டு நின்னது?"

"நான்."

"அடியில பழைய மண்டி கிடந்தது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எனக்கு அப்பத் தெரியல, நேத்துச் சாடிக்குள்ள பாத்தப்பதான் தெரிஞ்சுது. பேச்சு மும்முரத்துல ஊத்திட்டேன். கடை வச்சிருந்தவர் நீங்க. சாடியைக் கழுவாம மண்டி மேல புது எண்ணெய் விட்டா என்ன ஆகும்?"

"காறிப் போகும்மா."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. மதுரைக்காரர்கள் முன்னால் பட்டதெல்லாம் இதற்குக் கால்தூசி பெறாது.

"நீங்க ஊத்தும்போது நான் எப்படிம்மா சொல்ல? குருவாச்சே."

அடுக்களையில் அரிவாள்மணைச் சத்தம் நின்றிருந்தது. அவரைக்காய் நறுக்கி முடிந்துவிட்டது போலும். அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் பயம் இருந்தது.

"கோமுவையும் அனுப்பிட்டா, நாளைக்கு நான் கெட்டுப் போனா எனக்கு யாரு அண்ணாச்சி சொல்லுவா?"