ஏழு அறை, ஒரு கைதிகூட இல்லை

சிரிக்கிற மனநிலையில் இருக்கிறீர்களா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போகப் போகச் சரியாகிவிடும்.

செண்பகக்கோட்டை என்று ஒரு நாடு. அங்கே ஒரு சிறைச்சாலை. ஏழு அறை, ஏழு பூட்டு, ஏழு சாவி. கைதி மட்டும் ஒருத்தன்கூட இல்லை! மழை ஒழுங்காகப் பெய்தது, எல்லார் வயிறும் நிறைந்தது, எவன் திருடப் போகிறான்? மூன்று வருஷமாக இதே நிலைமை.

சிறை அதிகாரி ஆவுடையப்பர் பட்ட பாடு இருக்கிறதே, ஐயோ பாவம்! சும்மா இருப்பது சுகம் என்கிறவர்கள் ஒரு மாசம் சும்மா இருந்து பார்க்கட்டும். காலையில் வந்து ஏழு பூட்டுக்கும் எண்ணெய் போடுவார். அதிகமாகிவிட்டது என்று துடைப்பார். காய்ந்துவிட்டது என்று மறுபடி போடுவார். சிறை மதிலில் புடலங்கொடி ஏற்றி, காய் வளையாமல் இருக்க நுனியில் கல் கட்டினார். தினமும் ஒவ்வொரு காயையும் போய் நலம் விசாரித்தார். வீட்டுக்குப் போனால் மனைவி கோமதி, "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்பாள். சொல்ல என்ன இருக்கிறது? அவருக்கு வெட்கமாக இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் தளவாய் ஆதிமூலத்தின் கண் அவர்மேல் விழுந்தது. தளவாய்க்கு வேலைவெட்டி இல்லாத மச்சான் ஒருவன் இருந்தான். சிறை அதிகாரி பதவிக்கோ கிணறும் தோட்டமுமாக ஒரு வீடு உண்டு. ராஜாவின் காதில் மெல்ல ஓதினார் தளவாய். மறுநாளே ஆவுடையப்பர் சபைக்கு வரவழைக்கப்பட்டார்.

"நேத்து என்ன வேலை பார்த்தீர்?" என்றார் மகாராஜா செண்பகவேந்தர்.

"பூட்டுக்கு எண்ணெய் போட்டேன், மகாராஜா."

"முந்தாநாள்?"

"அன்னிக்கும் எண்ணெய்தான்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு நாள் தவணை. அதுக்குள்ள உம்ம சிறையிலே உமக்கு வேலை இருக்கணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு ஊரைப் பார்த்துப் போய்ச் சேரும்!"

தளவாய் மீசையைத் தடவிக்கொண்டார்.

கோமதிக்குச் சேதி தெரிந்ததும் கண் கலங்கிவிட்டது. "அடுத்த மாசம் நம்ம பொண்ணுக்கு வளைகாப்பு. எந்த வீட்டுல வச்சு நடத்தப் போறீங்க?"

ஆவுடையப்பர் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தார். திருடனே இல்லாத ஊரில் கைதிக்கு எங்கே போவது? யோசித்து யோசித்துப் பார்த்தவர், சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

செண்பகக்கோட்டையில் ஒரு வழக்கம். ஒரு ராஜா போட்ட உத்தரவு, பின்னால் வரும் ராஜா அந்த ஓலையைத் தன் கையால் கிழிக்கும்வரை செல்லும். இப்போதைய ராஜாவின் தாத்தா மகா முன்கோபி. எதற்கெடுத்தாலும் உத்தரவு! அந்த ஓலைக்கட்டெல்லாம் சிறைப் பரணில்தான் கிடந்தது. நாட்டில் ஒருத்தரும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. பொழுதுபோகாத ஆவுடையப்பர் மட்டும் நாலு தடவை படித்திருந்தார்.

மறுநாள் சபையில் தளவாய் ஒரு கொட்டாவி விட்டார். ஆவுடையப்பர் ஓலையை விரித்தார். "சபையில் கொட்டாவி விட்டால் ஒரு வாரம் சிறை. தளவாய் ஐயா, நடங்க!"

தளவாய் குதியோ குதியென்று குதித்தார். ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. "தாத்தா உத்தரவாச்சே, போய்ட்டு வாரும்" என்று சிரித்தார்.

அடுத்தது சமையற்காரர். இரண்டு நாள் தொடர்ந்து கத்தரிக்காய் வைத்த குற்றம். பிறகு ஜோசியர், நல்ல நேரம் சொல்லும்போது இருமிவிட்டார். கதவில் சாய்ந்து நின்ற காவலர் இருவர். பல்லக்குத் தூக்கும்போது பெருமூச்சு விட்ட ஆள் ஒருவன். ஆவுடையப்பர் ஓடினார், பிடித்தார், பூட்டினார், கஞ்சி ஊற்றினார். மூன்று வருஷத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை!

மூன்றாம் நாள் காலை. நாவிதர் குருவன் ராஜாவுக்குச் சவரம் செய்துகொண்டே, "கீழத்தெரு சேதி தெரியுமா, மகாராஜா?" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான்! "கத்தி கையில் இருக்கையில் ஊர்வம்பு பேசினால் பத்து நாள்" என்று ஆவுடையப்பர் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார். ராஜாவுக்குப் பாதி மீசை போயிருந்தது, பாதி இருந்தது.

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கிளம்பினார் ராஜா. பல்லக்குத் தூக்க ஆள் குறைவு. வெயிலில் நடந்தே சிறைக்கு வந்து சேர்ந்தார்.

"ஆவுடையப்பரே! என்னய்யா அக்கிரமம் இது?"

"மகாராஜா, துண்டை எடுக்காதீங்க! பாதி மீசையோட வெளியே வர்றவர் யாரா இருந்தாலும் ஒரு மாசம்னு தாத்தா எழுதி வச்சிருக்கார்."

"யாரா இருந்தாலுமா?"

"ஆமாம். ஏதோ உங்க அதிர்ஷ்டம், ஏழு அறையும் நிறைஞ்சு போச்சு."

ராஜா ஒரு கணம் முறைத்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துண்டு நழுவியதுகூடத் தெரியவில்லை. ஓலைக்கட்டைக் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே தன் கையால் கிழித்துப் போட்டார். ஏழு பேரும் வெளியே வந்தார்கள்.

"உமக்கு வேலை கொடுத்தா நாடு தாங்காதய்யா! வீடும் பதவியும் ஆயுசு முழுக்க உமக்குத்தான். உம்ம பொண்ணுக்கு வளைகாப்பாமே, அதுக்கு அரண்மனைச் சீர் வரும். ஆனா ஒண்ணு, இனிமே இந்தச் சிறையிலே நீர் எந்த வேலையும் பார்க்கக் கூடாது. இது என் உத்தரவு!"

ஆவுடையப்பரின் முகம் வாடிப்போனது. "மகாராஜா, சும்மா இருக்கிறது சாமானிய வேலையா? மூணு வருஷம் தனியாப் பார்த்துத் தேஞ்சு போயிட்டேன். துணைக்கு ஒரு ஆளாவது கொடுங்க."

ராஜா சுற்றிப் பார்த்தார். "தளவாய்! நாளையிலேருந்து காலையிலே வந்து, சாயங்காலம்வரைக்கும் இவரோட சும்மா இரும்."

தளவாய் தடாலென்று காலில் விழுந்தார். "மகாராஜா! அதுக்கு என்னை உள்ளேயே போட்டுப் பூட்டிடச் சொல்லுங்க!"

ஆவுடையப்பர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஆகாது தளவாய் ஐயா. பூட்டினா அது வேலை."