ஐநூறு ரூபாய்க்கு ஓர் அப்பா

அப்பன் கட்டிய அரிசி மில்லில் அண்ணன் நாச்சிமுத்து முதலாளி. தம்பி சென்னியப்பன் மூட்டை தூக்குகிறவன். அண்ணன் காட்டிய இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட பலன் அது.

ஆயுத பூஜையன்று ஆட்களுக்கெல்லாம் பொரியும் போனஸும் கொடுத்து முடித்த நாச்சிமுத்து, தம்பி மகள் மேகலாவைக் கூப்பிட்டார். தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புது ஐநூறு ரூபாய் நோட்டை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"பெரியப்பான்னு கூப்புடாத. அப்பான்னு கூப்புடு, இது உனக்கு. உங்கொப்பன் என்னைக்காச்சும் இப்பிடி ஒரு நோட்டு குடுத்திருப்பானா?"

ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த வருஷம் போனஸ் குறையும். மேகலா அப்பனைப் பார்த்தாள்.

சென்னியப்பன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தான். "கூப்புடு கண்ணு. பெரியவங்க இத்தன பேரு முன்னால சொல்லிட்டாங்க. ஆனா அண்ணா, அப்பன்னு ஆயிட்டா ஐநூறோட முடியாதுங்க. உங்க பசங்களுக்குச் சமமா இவளுக்கும் மில்லுல பங்கு எழுதோணும்."

நாச்சிமுத்துவின் மகன்கள் இருவரும் பொரி மெல்வதை நிறுத்தினார்கள்.

நோட்டு சட்டைப்பைக்குத் திரும்பியது. "பெரியப்பான்னே கூப்புடு. அதுதான் மொறை" என்றார் அவர்.

வீட்டுக்கு நடக்கும்போது மேகலா கேட்டாள்.

"ஏப்பா, பங்கு தர்றேன்னு அவர் சொல்லியிருந்தா, என்னைக் கூப்புட உட்டிருப்பியா?"

முதலாளி வாயை அடைத்தவன், தோள் துண்டால் மறுபடியும் முகத்தைத் துடைத்தான்.