கறுப்பு மணலுக்கு ஆளு பத்தல

கருமணல்துறைன்னு ஒரு கடலோர ஊரு. அங்க மணலு கறுப்பா இருக்கும், அதுலருந்து கொஞ்சூண்டு கதிர்வீச்சும் வரும். ஊர்க்காரங்க எல்லாருமே பெரிய புத்திசாலிங்க. அப்படின்னு அவங்களே கூடிப் பேசி முடிவு பண்ணிக்கிட்டாங்க.

அந்த ஊரு ததேயுவுக்கு, மேட்டுப்பக்கம் இருக்கிற செம்பாறை ஊரு பிலோமியைக் கட்டிக்க ஆசை. அவ அப்பா பிரகாசம்தான் பிடி குடுக்கல.

"கதிரு பட்டா புத்துநோய் வரும்பாங்க மாப்ள. உங்க மணலால கெடுதல் இல்லன்னு காட்டுங்க, பொண்ணைத் தாறேன்."

ததேயு மீன்கொழம்பைப் பாதியில வெச்சுட்டு எந்திரிச்சான். கூட்டாளிங்க சந்தியாகுவையும் வியாகுலத்தையும் இழுத்துக்கிட்டு டவுனு டாக்டரம்மாவைப் போய்ப் பாத்தான்.

"நிறைய கதிரு பட்டா நோய் கூடும்னு தெரியும்," அந்தம்மா சொன்னாங்க. "கொஞ்சமா பட்டா கொஞ்சமா கூடும்னு ஒரு கணக்கு இருக்கு. அது சரியான்னு பாக்கணும்னா உங்க ஊரையும் மணல் இல்லாத ஊரையும் ஒத்துப் பாக்கணும். பீடி, வயசு, சாப்பாடு எல்லாத்துலயும் ரெண்டு ஊரும் ஒரே மாதிரி இருக்கணும்."

இருக்கணும்னு சொல்லிட்டாங்கல்ல? ஆக்கிட்டாப் போச்சுன்னு கிளம்பிட்டாங்க.

"நம்ம ஊர்ல பீடி ஜாஸ்திலே," சந்தியாகு சொன்னான். செம்பாறைக்குக் கட்டுக்கட்டா பீடி போச்சு. வாழ்நாள்ல இருமாதவனெல்லாம் கடமையா இருமுனான்.

"அங்க வயசானவங்க ஜாஸ்தி."

அதுக்கு மூணு பேரும் தலையில சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டாங்க.

வியாகுலம் ரொம்ப நேரம் தரையையே பாத்துட்டு இருந்தான். "லேய், அவங்க மண்ணு சிவப்பு. நம்ம மண்ணு கறுப்பு."

ததேயுவுக்கு வேர்த்துப் போச்சு. "நல்ல வேளை நீ பாத்தே. டாக்டரம்மா கண்ணுல பட்டிருந்தா என் கல்யாணம் என்னாவறது?"

லாரி பிடிச்சுப் பாதி மணலை அள்ளிட்டுப் போய் செம்பாறைத் தெருவெல்லாம் கொட்டுனாங்க. பிரகாசமே வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுக் கூடை தூக்குனாரு.

டாக்டரம்மா வந்து பாத்தாங்க.

"மணல் ஒண்ணுதாய்யா வேற மாதிரி இருக்கணும்," அப்படின்னாங்க. "சரி, இதைத் திருப்பி அள்ளுனாலும் பிரயோஜனமில்ல. நோய் எல்லா ஊர்லயுந்தான் வருது. மணலால கூடுனாலும் துளியூண்டுதான் கூடும். அது கண்ணுக்குத் தட்டுப்படணும்னா உங்க ரெண்டு ஊரு ஆளு பத்தாது. லட்சக்கணக்குல ஆளு வேணும்."

அவங்க போனதும் ததேயு மூஞ்சி தொங்கிப் போச்சு. தொங்குன மூஞ்சியோட யோசிச்சான். அப்புறம் நேரா பிரகாசத்துக்கிட்ட போனான்.

"மாமா, மணல் மேல குத்தம் இல்ல. ஆளுதான் பத்தலையாம்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"நீங்க பொண்ணைக் குடுத்தாத்தானே மாமா ஆளு கூடும்."

கூட்டாளிங்க ரெண்டு பேரும் ஆமான்னு வெள்ளைத் தலையை ஆட்டுனாங்க. சுண்ணாம்பு உதிர்ந்துச்சு.

பிரகாசம் தாடையைத் தடவுனாரு. "ஆராய்ச்சி என்னால நின்னுச்சுன்னு பேரு வரக்கூடாது. எத்தனை வேணுமாம்?"

"லட்சக்கணக்குல."

அவரு திரும்பி மகளைப் பாத்தாரு. முறத்துல அரிசி புடைச்சிட்டிருந்த பிலோமி கையை நிறுத்திட்டுக் கணக்குப் போட்டா.

"அப்ப சீர்ல ஒரு தொட்டில் பத்தாதுப்பா. ரெண்டா வாங்கிருங்க."