கேள் கீரை

பரட்டைக்கீரையை என்றைக்காவது மத்துப் போட்டுக் கடைந்து பார்த்திருக்கிறீர்களா?

இல்லையென்றால் நல்லதாகப் போயிற்று. வெள்ளத்தாயி பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு அப்புறம் அதில் கை வையுங்கள்.

வெள்ளத்தாயி பைபாஸ் ஓரத்தில் லாரிக்காரர்களுக்கு மெஸ் நடத்தியவள். பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணத்தை முடித்தாள். மெஸ்ஸை மருமகள் கையில் கொடுத்தாள். ஒரு துணிப்பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மலை மேலிருக்கும் மடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அந்த மடத்தின் குருவுக்கு அவள் மகள் வயசுதான் இருக்கும். எல்லாரும் சாமியம்மா என்பார்கள்.

மலைக் குளிருக்குக் கறுப்புக் கம்பளி போர்த்திக்கொண்டு, கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் சாமியம்மா. குருவை யாரும் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். கம்பளிக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு அரித்தது. எருமை மரத்தில் உரசுகிற மாதிரி முதுகைத் தூணில் உரசிக்கொண்டே, "சொல்லுங்கக்கா," என்றாள்.

வெள்ளத்தாயி கும்பிட்டாள். குனியவில்லை.

"சாமி, சின்னப் பிள்ளையில எங்காத்தா சொன்னா, மசிஞ்சு போடின்னு. கல்யாணம் ஆச்சு. மாமியாக்காரி சொன்னா, மசிஞ்சு போன்னு. கூடப் பிறந்தவனும் அதையே சொன்னான். ஊருப் பஞ்சாயத்துலயும் அதையே சொன்னாங்க. நான் ஒருத்தருக்கும் மசியல."

"ம்."

"இப்பக் கடவுள்கிட்ட வந்திருக்கேன். அவரும் மசிஞ்சாத்தான் சேர்த்துக்குவாரா? இல்ல, இப்படியே வரலாமா?"

சாமியம்மா உரசுவதை நிறுத்தினாள். கையை நீட்டி அடுப்படியைக் காட்டினாள். அவ்வளவுதான். மறுபடி தூணோடு உரச ஆரம்பித்துவிட்டாள்.

வெள்ளத்தாயி பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள்.

"ஏண்ணே, இதுக்கு என்ன அர்த்தம்?"

நின்றவர் ஏகாம்பரம். மடத்துச் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருக்கும். விதியும் அங்கேதான் இருக்கும்.

"அர்த்தம் ஒண்ணுதான்," என்றார். "கீரை."

"கீரையா?"

"புதுசா வர்றவங்க மத்தியானப் பந்திக்குக் கீரை மசியல் வைக்கணும். மூத்த சாமி காலத்து விதி. இலை, நரம்பு, காம்பு ஒண்ணும் கண்ணுல படக் கூடாது. கீரை மசிஞ்சா ஆளும் மசிஞ்சாச்சுன்னு அர்த்தம். தங்கிக்கலாம்."

"மசியலைன்னா?"

"சாயங்காலம் பஸ்ஸு."

வெள்ளத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை லாரிக்காரனுக்குக் கீரை கடைந்து போட்ட கை இது! இதற்கா இவ்வளவு பெரிய பீடிகை?

அடுப்படிச் சுவரில் மூத்த சாமியின் படம். படத்துக்குக் கீழே ஆணியில் ஒரு மத்து. நீளமான பிடி, தேய்ந்த பற்கள். சந்தனப் பொட்டு வைத்து, செவ்வந்திப் பூ சொருகியிருந்தார்கள்.

"குளிச்சுட்டுத்தான் அதைத் தொடணும்," என்றார் ஏகாம்பரம்.

"இது மத்தாண்ணே, மூலவரா?"

அவர் சிரிக்கவில்லை.

வெள்ளத்தாயி படத்தை அண்ணாந்து பார்த்தாள். கன்னம் ஒட்டி, உதடு இரண்டும் உள்ளே மடிந்து, நல்ல சிரித்த முகம்.

"ஏண்ணே, மூத்த சாமிக்குப் பல்லு கெடையாதா?"

"அபச்சாரமாப் பேசாத!"

"கேட்டேன், அவ்வளவுதான். நமக்கெல்லாம் பல்லு இருக்கே."

ஏகாம்பரம் சாவிக்கொத்தை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு வெளியே போனார்.

சோதனை எங்கே வந்தது தெரியுமா? முந்தின ராத்திரி காட்டுமாடு ஒன்று வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து, மடத்து அரைக்கீரைப் பாத்தியை வழித்துத் தின்றுவிட்டுப் போயிருந்தது. ஒரு தண்டு மிச்சமில்லை.

பக்கத்துத் தோட்டத்து மாசாணம்தான் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பட்டணத்துக் கடைக்குப் போறது, அம்மா. வண்டி வரல. கீரைதான். எடுத்துக்கங்க."

வெள்ளத்தாயி சாக்குக்குள் கையை விட்டு ஓர் இலையை இழுத்தாள். முழம் நீளம் வந்தது. கரும்பச்சை. காம்பு கட்டைவிரல் தடி. ஓரமெல்லாம் சுருண்டு சுருண்டு, எண்ணெய் காணாத தலைமுடி மாதிரி நின்றது.

"இது என்ன கீரைப்பா?"

"கேல்."

"கேளா?"

"விதை குடுத்தவங்க அப்படித்தான் சொன்னாங்க. சில பேரு பரட்டைக்கீரைங்கிறாங்க."

"எப்படி ஆக்குறது?"

"நாங்க யாரு தின்னோம்? பேருலயே 'கேளு'ன்னு இருக்குல்ல? அதுகிட்டயே கேளுங்க." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

கீரையிடம் என்ன கேட்பது? கீரை என்றால் கீரைதான். வெள்ளத்தாயி குளித்துவிட்டு வந்தாள். நறுக்கினாள், அலசினாள், பானையில் போட்டாள், பூண்டும் பச்சைமிளகாயும் போட்டாள். வெந்து வரும்போது அடுப்படியெல்லாம் முட்டைக்கோஸ் வாசம் அடித்தது. கீரைக்கு ஏன் கோஸ் வாசம் என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மத்தைக் கும்பிட்டு எடுத்தாள். பானையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு கடைய ஆரம்பித்தாள்.

இலை அமுங்கியது. மத்தை எடுத்ததும் மேலே வந்தது.

இன்னும் அழுத்திக் கடைந்தாள். இலை மத்தோடு சேர்ந்து சுற்றியது. மத்து நின்றதும் அதுவும் நின்றது. காம்பு மத்தின் பற்களில் சிக்கிக்கொண்டு, சீப்பில் முடி மாட்டிய மாதிரி வர மாட்டேன் என்றது.

வாசலில் சாவிக்கொத்து குலுங்கியது.

"என்ன, மசியுதா?"

"மசியும்."

தோள் கடுத்தது. கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. பானைத் தண்ணீர் பச்சையாகத் தெறித்துச் சேலையை நனைத்தது.

"மசிஞ்சுதா?"

"அதான் மசியுதுங்கிறேன்ல!"

"நல்லா அடி. அடிக்க அடிக்க மசியாதது எது?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் வெள்ளத்தாயியின் கை நின்றது.

எங்கேயோ கேட்ட பேச்சு அது. சின்ன வயசில், வீட்டு முற்றத்தில், ஆத்தாவின் கையில் புளியங்குச்சியோடு கேட்ட பேச்சு.

பானைக்குள் பார்த்தாள். இவ்வளவு அடிக்குப் பிறகும் இலையின் ஓரத்துச் சுருட்டை அப்படியே இருந்தது. ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

"அடி என் ராசாத்தி!" என்றாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

மத்தை எடுத்தாள். சிக்கிய காம்பைப் பிடுங்கிப் போட்டாள். கழுவினாள், துடைத்தாள், பழைய ஆணியிலேயே மாட்டினாள். பூவையும் மறக்காமல் சொருகினாள்.

ஏகாம்பரம் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்ற நீ?"

"நிறுத்திட்டேன்."

"கீரை மசியலையே!"

"ஆமாண்ணே. அது மசியாது."

"அப்ப சாயங்காலம் பஸ்ஸு."

"பஸ்ஸு சாயங்காலம்தானே? பந்தி மத்தியானம். அதுக்குள்ள சோத்துக்குத் தொட்டுக்க ஒண்ணு வேணும்ல? நகருங்க, வெளிச்சம் மறைக்குது."

பானையில் வெந்ததை மாசாணத்தின் எருமைக்குக் கொடுத்தனுப்பினாள். அப்புறம் சாக்கின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பச்சையாக ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள்.

மென்றாள். கசந்தது. இன்னும் மென்றாள். கசப்புக்குப் பின்னால் ஓர் இனிப்பு, வெட்கப்பட்டு நிற்கிற மாதிரி நின்றது.

"அட, நீ கோஸுக்குத் தங்கச்சியா? இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

முன்னாடி யார் கேட்டார்கள்?

காம்பை ஒரு கையில் பிடித்து, மறு கையால் இலையைச் சர்ரென்று உருவினாள். காம்பு தனி, இலை தனி. வெற்றிலை அடுக்குகிற மாதிரி அடுக்கி, சுருட்டி, அரிவாள்மனையில் மெல்லிசாக அரிந்தாள். கல்லுப்பு ஒரு பிடி, எண்ணெய் ஒரு கரண்டி. பச்சைப்பிள்ளைக்குக் கை கால் உருவிவிடுகிற மாதிரி இரண்டு கையாலும் பிசறிப் பிசறிவிட்டாள்.

விறைத்துக்கொண்டு நின்ற இலை மெல்லத் தளர்ந்தது. நிறம் இன்னும் கரும்பச்சையானது. சுருட்டை மட்டும் அப்படியே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

கடுகு, வரமிளகாய், தட்டிய பூண்டு, சின்ன வெங்காயம். முக்கால் பதம் வெந்த பாசிப்பருப்பு. கீரையைப் போட்டு நாலு புரட்டுப் புரட்டி, தேங்காய்ப்பூ தூவி இறக்கினாள்.

பந்தி உட்கார்ந்தது.

ஏகாம்பரம் இலையில் விழுந்ததைப் பார்த்தார். விரலால் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

"இலை தெரியுது," என்றார். "நல்லாவே தெரியுது."

"தெரியட்டும்ணே. கீரை என்ன திருடிட்டா வந்துச்சு, ஒளிஞ்சுக்கிறதுக்கு?"

பந்தியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஏகாம்பரம் திரும்பியதும் அந்தச் சிரிப்பு அடங்கியது.

ஒருவரும் கை வைக்கவில்லை. எல்லாரும் சாமியம்மாவையே பார்த்தார்கள்.

சாமியம்மா ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். கறுக் கறுக்கென்று கேட்டது. அந்த மடத்துப் பந்தியில் ஒருவர் மெல்லுகிற சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். இன்னொரு வாய் எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள். கூடம் முழுக்கக் கறுக் கறுக், கறுக் கறுக். மழைக்குப் பிறகு ஆட்டுமந்தை புல்லில் இறங்கிய மாதிரி.

"இது என்ன கீரைக்கா?"

"கேள் கீரையாம் சாமி."

"கேட்டீங்களா?"

"முதல்ல கேக்கல. தோளு கடுத்த பிறகு கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"மசிய மாட்டேன்னு சொல்லுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரி, இப்படியே வா ஆத்தான்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

வெள்ளத்தாயி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

ஏகாம்பரம் இலையைப் பாதியில் மடித்துவிட்டு எழுந்தார். போய்க் கையைக் கழுவினார். திரும்பி வரும்போது வெள்ளத்தாயியின் துணிப்பை அவர் கையில் இருந்தது.

"சாமி, விதின்னு ஒண்ணு இருக்கு. கீரையும் மசியல, ஆளும் மசியல. இன்னைக்கு இதை விட்டா நாளைக்கு இந்த மத்துக்கு என்ன மரியாதை?"

சாமியம்மாவின் வாயில் கீரை இருந்தது. பொறு என்று கையைக் காட்டினாள். நிதானமாக மென்றாள். விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

"அக்கா, அந்த மத்தை எடுத்துட்டு வாங்க."

ஏகாம்பரத்தின் முகம் விளக்கேற்றிய மாதிரி ஆனது.

வெள்ளத்தாயி போனாள். மத்தை எடுத்தாள். வந்து சாமியம்மாவுக்கு நேராக நின்றாள். இப்போதும் குனியவில்லை.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. சொல்லிடறேன். அந்தக் கீரையை நான் மறுபடி கடைய மாட்டேன். என் பையைக் குடுக்கச் சொல்லுங்க. பஸ்ஸுக்கே போறேன்."

கூடத்தில் மெல்லுகிற சத்தம் நின்றது.

சாமியம்மா உட்கார்ந்தபடியே திரும்பி அவளுக்கு முதுகைக் காட்டினாள். கம்பளியைத் தோளிலிருந்து கீழே இறக்கினாள்.

"யாரு கடையச் சொன்னா? எத்தனை வருசமா அரிக்குது தெரியுமா இந்தக் கம்பளி! அதை வச்சு, இங்க, தோளுக்குக் கொஞ்சம் கீழ, நல்லாச் சொறிஞ்சு விடுங்கக்கா."