பூவாத்தாள் வாங்கிய லீவு

பொள்ளாச்சித் தேங்காய் மண்டிக்காரர் சென்னியப்பர் வீட்டுக்கு ஒரு ரோபோ வந்தது. அவர் குரலுக்கு மட்டும்தான் நகரும். அந்தப் பெருமையில் மனுசனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

மகள் வளைகாப்புக்குப் போக வேண்டும் என்று சமையல்காரி பூவாத்தாள் நாலு நாள் லீவு கேட்டாள்.

"இதைச் சமையலறைக்குப் போக வச்சுக் காட்டு, தர்றேன்" என்றார்.

பூவாத்தாள் ரோபோவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் என்னங்க, நீங்க சொன்னாலும் போகாதுங்க. நெலப்படி ஒசரம், சக்கரம் ஏறாது."

"ஏறாதா? டேய், சமையலறைக்குப் போடா!"

அது நிலைப்படியைத் தத்தித் தாண்டி அடுப்போரம் போய் நின்றது.

"போக வச்சுட்டனுங்க. கெளம்பட்டுங்களா?"

சென்னியப்பர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"போயிட்டு வா ஆத்தா. நாலு நாளும் காப்பி யாரு போடறது?"

"அதான் சொன்ன பேச்சுத் தட்டாதவன் நிக்கறானுங்களே. பால் பொங்கறதுதான் அவனுக்குத் தெரியாது, நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க."