பத்தாவது குட்டி

பட்டிக்குள்ள குட்டிங்க நெருக்கியடிச்சு நின்னுச்சு. ஒண்ணுக்கும் புல்லு எறங்கல.

அந்தக் கால யூதேயா மலையில வரி குடுக்குறது இப்படித்தான். அந்த வருஷம் பொறந்த குட்டிங்கள எல்லாம் ஒரு பட்டியில அடைப்பாங்க. வாசல்ல ஒரு குட்டி நுழையத்தான் எடம் இருக்கும். வெளிய தாயாடுங்க கத்தும். குட்டிங்க ஒவ்வொண்ணா ஓடி வர, மேய்ப்பன் கோலை நீட்டி எண்ணுவான். பத்தாவது குட்டியோட முதுகுல செங்காவியால ஒரு கோடு. கோடு விழுந்தது கோயிலுக்கு. திரும்பி வராது. கொழுத்ததா, நோஞ்சானான்னு யாரும் பாக்க மாட்டாங்க.

செவலைன்னு ஒரு கிடாக்குட்டி. கொழுப்பு அதிகம், உடம்புலயும். வரிசையில முன்னால நிக்கிற தலைங்கள எண்ணுச்சு. ஒம்பது. அப்ப பத்தாவது அதுதான்.

பின்னால கருப்பி நின்னுச்சு. ஒரு கால் நொண்டி.

"கருப்பி, எனக்கு முன்னால வந்து நில்லு."

"எதுக்குண்ணே?"

"கால் வலிக்கும்ல? சீக்கிரம் அம்மாகிட்ட போயிடலாம்."

கருப்பிக்கும் எண்ணத் தெரியும். "அங்க நின்னா நான்ல பத்தாவது? எங்கம்மாவுக்கு நான் ஒத்தப் புள்ளண்ணே."

"நொண்டி இருந்து என்னத்தக் கிழிக்கப் போற?" செவலை ஒரு முட்டு முட்டி, அதை முன்னால தள்ளிடுச்சு. திரும்பிடாம இருக்க, கொம்பு மொளைக்கிற மண்டையால அது முதுகை அழுத்திக்கிட்டே நின்னுச்சு.

வாசல் தெறந்துச்சு.

"ஒண்ணு," மேய்ப்பன் சக்கூர் எண்ணுனான். "ரெண்டு."

மூணாவதா வந்த குட்டிக்குத் தொப்புள்கொடி இன்னும் காயல. சக்கூர் குனிஞ்சு தூக்குனான். "இது பொறந்து எட்டு நாள் ஆகல. கணக்குல வராது." தாய்கிட்ட விட்டுட்டு, அடுத்ததுக்குத்தான் "மூணு"ன்னான்.

கருப்பிய அழுத்துற வேலையில செவலை இதைப் பாக்கவே இல்ல.

"எட்டு."

கருப்பி கண்ண மூடிக்கிட்டு தாவுச்சு.

"ஒம்பது."

முதுகுல ஒண்ணும் படல. நம்பாம ஒரு தரம் திரும்பிப் பாத்துட்டு, நொண்டிக்கிட்டே அம்மா மடிக்கு ஓடுச்சு.

செவலை தலைய நிமித்தி, நிதானமா வெளிய வந்துச்சு.

"பத்து."

முதுகுல ஈரமா, சிவப்பா ஒரு கோடு.

"தப்பு! நான் பதினொண்ணு!"

சக்கூர் காதுல அது வெறும் 'மே'ன்னுதான் விழுந்துச்சு.

கருப்பி மெதுவா கேட்டுச்சு: "அண்ணே, நின்ன எடத்துலயே நின்னிருந்தா நீ ஒம்பது, நான் பத்து. எதுக்குண்ணே என்னைத் தள்ளுன?"

அதுக்குள்ள செவலைக்குக் கயித்தைக் கழுத்துல மாட்டிட்டாங்க.

தன் தலைக்கு வர்றதை அடுத்தவன் தலையில கட்ட எடம் மாறுறவன், அது வந்து விழற எடத்துக்குத் தானே நடந்து போறான்.