மணிவிழா கேக்கில் முட்டை ருசி

மணிவிழா மேடையில் மில் முதலாளி ஏகாம்பரம் கேக்கை ஒரு வாய் வைத்ததும் முகம் சுளித்தார்.

"இதுல முட்டை ருசி தெரியுதே! பிறந்ததிலிருந்து முட்டையைத் தொடாத வாய்யா இது. எவ செஞ்சது?"

பேக்கரிக்காரர் பதறிப்போய், கேக் போட்ட பவுனம்மாவை முன்னே தள்ளினார். "இன்னிக்கே இவளை வேலையை விட்டு நிறுத்திடறேன் ஐயா."

"தயிர் ஊத்திச் செஞ்சதுங்க," என்றாள் பவுனம்மா. "நிறுத்தறதுன்னா நிறுத்துங்க. ஒரே ஒரு சந்தேகம். முட்டையே தொடாத வாய்க்கு அதோட ருசி எப்படிங்க தெரிஞ்சுது?"

மாலையும் கழுத்துமாக நின்ற முதலாளியின் மனைவி மெல்லத் திரும்பினார்.

"அதானே? வாராவாரம் கிளப்புக்கு ஓடுறது இதுக்குத்தானா?"

ஏகாம்பரம் அவசரமாக இன்னொரு பெரிய துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்.

"தயிர்தான்! சுத்தமான தயிர்தான்! பேத்தி பிறந்தநாளுக்கும் இந்தம்மாவே கேக் போடட்டும்."